பதினாறுக்குள் கடை திறந்தவன்

12.8.2025, செவ்வாய்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நேற்று டிவி நாடகத்தில் வந்த என் சாவைப் பார்த்து நானே அழுதுவிட்டேன். கதாநாயகியின் செத்துப்போன அப்பாவுக்கு ஒரு படம் வேண்டும் என்றார்கள். என் போட்டோவைக் கொடுத்தேன். மாலை போட்டு மாட்டிவிட்டார்கள். அவ்வளவுதான் என் நடிப்பு.

இன்று காலை கிள்ளானில் என் வடைக் கடைக்கு வழக்கமாக வரும் அக்கா என்னை முறைத்தார்.

"என்னண்ணே, பதினாறு கூட முடியல. அதுக்குள்ள கடையத் திறந்துட்டீங்க?"

"செத்தவனுக்கும் பசிக்கும்லா அக்கா."

அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு முகத்த நெனச்சுப் பாருங்க" என்றார். எனக்கு இருப்பது இரண்டு பையன்கள்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். தினமும் நாம் சாப்பிடும் நேரத்துக்கு டிவி வழியாக வீட்டுக்கு வருகிறவர்கள் சொந்தக்காரர்கள்தானே. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் மனைவி சரோஜாதான் பயந்துவிட்டாள். அந்தப் போட்டோவுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்ததே அவள்தான். "உயிரோட இருக்கறவருக்கு மாலை போட்டா ஆயுசுக்கு ஆகாது. போய் படத்த வாங்கிட்டு வாங்க" என்றாள். எனக்குக் கேலி செய்ய வாய் வரவில்லை. சாயங்காலமே நாடகக்காரர்களிடம் போய் வாங்கி வந்தேன்.

மாலையில்லாமல் ஹாலில் மாட்டினால்தான் அவளுக்கு நிம்மதியாம். ஆணி அடித்து மாட்டினேன். ஆணி பிடுங்கிக்கொண்டு படம் என் காலில் விழுந்தது. சரோஜா அடுப்படியிலிருந்து ஓடி வந்து முதலில் படத்தைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடி உடையவில்லை. என் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது.