டிவியத் தூக்கிக் கொடுத்துட்டேன்

லாபிஸ், மலேசியா
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மக லோஷினிக்கு அம்மா எழுதிக்கிறது. இங்க மாரியம்மா புண்ணியத்துல நானும் அப்பாவும் கை கால் சுகத்தோட இருக்கோம், அதே மாதிரி அயர்லாந்து குளிர்ல நீயும் மாப்பிள்ளை கவினும் ஒடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கணும்ன்னு தினம் வெளக்கு வைக்கறப்ப வேண்டிக்கிறேன். போன் இருக்கறப்ப அம்மா எதுக்கு காகிதத்த எடுத்துக்கிட்டு உட்கார்ந்தாங்கன்னு நீ நெனப்ப. எஸ்டேட் பள்ளிக்கூடத்துல ஆறாவது வரைக்கும் படிச்ச எழுத்து, தப்பு இருந்தா சிரிக்காத. போன்ல கேட்டா நல்லா இருக்கேன்ம்மா, வேலைக்கு நேரமாச்சிம்மான்னு ரெண்டு வார்த்தையில வச்சிடற. அதான் எழுதறேன்.

நம்ம வீட்டுல இப்ப டிவி இல்ல. கெட்டுப்போகல, நான்தான் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவுக்குத் தூக்கிக் கொடுத்துட்டேன், இன்னையோட பதினெட்டு நாளாச்சி. போன் பண்ணி மாசச் சந்தாவயும் நிறுத்தியாச்சி. அப்பா மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டு டிவியில பந்து வெளையாட்டு பாக்க காப்பிக்கடைக்குப் போயிடறாரு. நான் ஏதோ கோயில்ல நேர்ந்துக்கிட்டேன்னு அவரு நெனப்பு, நானும் ஆமான்னுட்டேன். ஆனா சும்மா இருக்க முடியல லோஷி. எட்டு மணியானா கை தன்னால ரிமோட்ட தேடுது. உக்காந்தா எழுந்திருக்கத் தோணுது, எழுந்தா எங்க போறதுன்னு தெரியல. துணி அலமாரிய மூணு தடவ கொட்டி மூணு தடவ அடுக்கிட்டேன். வெள்ளையம்மாவுக்குக் காது மந்தம்ன்னு உனக்குத்தான் தெரியுமே, ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவரு, வர்ற சத்தத்த வச்சே நாடகத்துல யாரு யார அறையறான்னு இங்க எனக்குத் தெரியுது. சரி, கோயில்ல பூக்கட்டற பொம்பளைங்களோட உட்காரலாம்ன்னு போனேன். அலமாக், என்னத்த சொல்ல, அங்க பூ ரெண்டு முழம்ன்னா நேத்து நாடகத்துக் கதை பத்து முழம். எழுந்து வந்துட்டேன். இப்ப சாயந்தரம் அப்பாவ இழுத்துக்கிட்டு ரயில் ஸ்டேஷன் வரைக்கும் நடக்கறேன். முட்டி வலிக்குதுங்கறாரு, நாசி லெமாக் சோறு வாங்கித் தரேன்னா வலி போயிடுது. பின்னால பாகற்கொடி போட்டிருக்கேன். எதச் செஞ்சாலும் மனசு மட்டும் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது.

ஏன் கொடுத்தேன்னு சொல்லிடறேன், சுத்தி வளச்சிக்கிட்டே இருந்தா காகிதம் தீந்துடும். உனக்கு மதியச் சாப்பாட்டு நேரம்தான் எனக்கு ராத்திரி எட்டு மணி. ஆஸ்பத்திரியில உனக்குக் கிடைக்கிற அரை மணி நேரத்துல ரொட்டியக் கடிச்சிக்கிட்டே வீடியோ போடுவ. நான் விடாம பாக்கற நாடகமும் அதே நேரத்துலதான். உன்கிட்ட பேசாம இருக்கவும் முடியாது, அத விடவும் மனசு வராது. அதுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் பண்ணினேன். என் போன எடுத்து டிவி மேசையிலயே டிவிக்குக் கீழ சாத்தி வச்சிட்டு, டிவி சத்தத்த முழுசா அமத்திடுவேன். நம்ம நாட்டுல தமிழ் நாடகத்துக்குக் கீழ மலாய் எழுத்து ஓடுதுல்ல, அதப் படிச்சே கதைய புரிஞ்சிக்குவேன். நீ பாத்தா அம்மா உன் மொகத்தயே பாக்கற மாதிரி இருக்கும். நடுவுல ம், சரிம்மா, சாப்பிட்டியாம்மான்னு போட்டுக்குவேன். ஒரு வருஷமா உன்ன இப்படித்தான் ஏமாத்தியிருக்கேன். உன் மொகம் உள்ளங்கையளவு, டிவி சுவரளவு, கண்ணு எங்க போகும் சொல்லு. இல்ல, இதுக்கெல்லாம் சமாதானம் சொல்லக்கூடாது, தப்பு என்னோடது.

மூணு வாரத்துக்கு முந்தி உன் சித்தி மக பிரவீனா ஜொகூர் பாருலருந்து வந்தா. சமையல்கட்டுல என் பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு, அக்காவுக்கு இப்ப ஒடம்பு தேவலையா பெரியம்மான்னு மெதுவா கேட்டா. எனக்கு ஒண்ணும் புரியல, தெரிஞ்ச மாதிரியே நின்னேன், அவளே சொன்னா. நீ உண்டாகியிருந்தியாம், பதினோராவது வாரத்துல கலைஞ்சிடுச்சாம். அத முதல்ல அம்மாகிட்டதான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லியிருக்க. அதுக்கு நான் ம், சரிம்மா, பரவால்ல விடுன்னேனாம். பெரியம்மாவுக்கு எவ்ளோ மனதைரியம்ன்னு அவ சொல்லிக்கிட்டே போறா, எனக்கு அடுப்புல பருப்பு தீயறது கூடத் தெரியல. அப்புறம் அவ சொன்ன தேதிய வச்சி எந்த நாளுன்னு உக்காந்து யோசிச்சேன். நாடகத்துல கல்யாணம் நின்னுபோன அன்னைக்கு. அந்தப் பொண்ணு என்ன சொல்லி அழுதா, மாமியார் என்ன சொன்னா, எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. நீ சொன்னது ஒரு வார்த்த கூட இல்ல. நீ அழுதியா இல்லையான்னு கூட எனக்குத் தெரியாது லோஷி. மூணு மாசம் முடியற வரைக்கும் வெளிய சொல்லாத, கண்ணு படும்ன்னு உனக்குச் சொல்லி வச்சதே நான்தான். அதக் கேட்டு அத்தன நாளு அடக்கி வச்சிருந்து, நல்லதயும் கெட்டதயும் ஒரே நாள்ல தூக்கிக்கிட்டு என்கிட்ட வந்திருக்க.

உனக்கும் உன் தம்பிக்கும் நடுவுல எனக்கும் ஒண்ணு நிக்கல. உன்கிட்ட இது வரைக்கும் சொன்னதில்ல. அஞ்சாம் நாளே பேக்டரிக்குப் போயிட்டேன். சூப்பர்வைசர் லீவுக் கடுதாசி எங்கன்னு கேட்டாரு, வீட்டுல சோறாக்கிட்டியான்னு கேட்டாங்க, என்ன ஆச்சின்னு ஒரு ஆளு பக்கத்துல உக்காந்து கேக்கல. கேட்டிருந்தா அழுது தீத்திருப்பேன். அது என்னன்னு தெரிஞ்சவ நான், என் மகளுக்கு அதயே செஞ்சிட்டேன். இத போன்ல சொல்லிடலாம்ன்னு நாலு தடவ வாயெடுத்தேன். நீ சிரிச்சிக்கிட்டே நல்லா இருக்கேன்ம்மான்னு சொன்னதும் என்னால முடியல. என்ன மன்னிச்சிடும்மா.

ஒடம்ப பாத்துக்க. கருப்பட்டியும் எள்ளும் பார்சல் போடறேன், ஊற வச்ச பேரிச்சம்பழம் தினம் சாப்பிடு, அடுத்தவங்க ஷிப்ட்டையும் சேத்து வாங்கிக்கிட்டு நிக்காத. மாப்பிள்ளையும் உள்ளுக்குள்ள தவிச்சிருப்பாரு, அவருகிட்டயும் ஒரு வார்த்த கேளு. அப்பாகிட்ட நான் இன்னும் சொல்லல, நீ சொல்லச் சொன்னா சொல்றேன். மாரியாத்தா உங்க ரெண்டு பேரு கூடவே இருப்பா, ஒரு கொறையும் வராது.

ஒண்ணு மட்டும் மறக்காத. அரை மணி நேரத்துல வேணாம், உனக்கு லீவு நாளா பாத்துக் கூப்பிடு. அன்னைக்குச் சொன்னத மொதல்லருந்து எனக்கு இன்னொரு தடவ சொல்லு. உண்டாகியிருக்கன்னு தெரிஞ்ச அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணீங்க, பேரு எதாச்சும் யோசிச்சி வச்சிருந்தீங்களா. இருந்தா அந்தப் பேரு எனக்குத் தெரியணும்.

இப்படிக்கு
உன் அம்மா
கஸ்தூரி