மாறிய உருளை

1996 நவம்பர், ஞாயிறு

மில்லிக்கன் பகுதியில், என்னைப்போலவே பழைய துப்பாக்கிகள் சேகரிக்கும் குகன் வீட்டில் இன்று நாங்கள் இருவரும் பழைய ரிவோல்வர்களை மாற்றிக்கொண்டோம். என்னுடையதில் குண்டு போடும் உருளை வேறொரு துப்பாக்கியினுடையது. இரண்டிலும் பொறித்த இலக்கங்கள் பொருந்தா; அதனால் மதிப்புக் குறைவு. அது தெரிந்தும், "எல்லாம் அசல்தான்" என்றேன். தந்தப்பிடி போட்ட அவனுடைய ரிவோல்வர் மேல் அவ்வளவு ஆசை.

இலக்கங்களைப் பார்க்கக் குகன் பூதக்கண்ணாடியை எடுக்கவேயில்லை. "நீங்கள் சொன்னால் காணும் அண்ணை, பாக்கத் தேவையில்லை" என்று தேத்தண்ணி ஊற்றித் தந்தான்.

இரவு போன் எடுத்தான். ஏசப்போகிறான் என்றே நினைத்தேன்.

"அண்ணை, உருளை மாத்தினது. உங்களை ஆரோ நல்லா ஏமாத்திப்போட்டாங்கள். கவலைப்படாதேங்கோ, நான் இதையே வைச்சிருக்கிறன்."

"ஓம் தம்பி, நானும் கவனிக்கேல்லை" என்றேன். அவன் எனக்கு ஆறுதல் சொன்னான். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவனுடைய ரிவோல்வர் மேசையில் இருக்கிறது. தொடக் கை கூசுகிறது.