தீயாத்தா என்று பெயர் வைத்தவளுக்கு

இன்று காலை கல்லூரி ஆய்வகத்தில் ஸ்பிரிட் புட்டியைத் திறந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மாணவிகள் பயந்துபோய் ஜன்னலைத் திறந்தார்கள். எனக்கு ஒன்றும் இல்லை. நீதான் வந்துவிட்டுப் போனாய்.

அரியலூரில் நாம் வேதியியல் படித்த மூன்று வருடமும் ஒரே விடுதி அறை. விடுமுறைக்கு உன்னோடு பெரம்பலூர்ப் பக்கம் உன் ஊருக்கு வருவேன். ஊருக்கு மேற்கே அந்தக் கருப்புக் கரடு. அதன் கதையை உன் அம்மா வாயால்தான் முதலில் கேட்டேன். அண்ணன்மார் சோற்றையெல்லாம் தின்றுவிட்டுச் சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போக, பசியோடு கரட்டுக்குள் போய் உட்கார்ந்தாளாம் தீயாத்தா. அவள் வயிற்றுத் தீயில் மலை வெடித்துக் கல்லெல்லாம் கூழாக ஓடியதாம். ஊர்ப் பெண்கள் நீராகாரத்தைக் கொண்டுபோய் ஊற்றிய பிறகுதான் அடங்கினாளாம். சித்திரையில் இன்றும் ஊற்றுகிறார்கள்.

"அது எரிமலையே இல்லடி, சாதாரணப் பாறை" என்று நான் சொன்னதற்கு, "எங்கம்மா சொல்லிட்டா எரிமலைதான்" என்றாய். அப்புறம், விளக்கை அணைத்த பிறகு, இன்னொன்றும் சொன்னாய். அப்பா குடித்துவிட்டு வந்து உலை வைக்க வழியில்லாத நாட்களில்தான் அம்மா உனக்கும் தம்பிக்கும் அந்தக் கதையைச் சொல்வார்களாம். நீ பத்தாவது படிக்கும்போது அப்பா அந்தக் குடியிலேயே செத்தார்.

அப்படிப்பட்ட வீட்டுப் பெண் கோவாவில் வோட்கா வடிக்கும் சிறிய ஆலைக்கு வேலைக்குப் போனாள். அம்மாவிடம் "மருந்து கம்பெனி" என்றாய். அங்கே ஏழு வருடத்தில் நீயே ஒரு சரக்கை உருவாக்கினாய். நம் பக்கத்து மக்காச்சோளத்தில், செம்புக் கொப்பரையில், கொஞ்சம் கொஞ்சமாக வடித்தது. முதலாளி பெயர் கேட்டபோது யோசிக்காமல் சொன்னாயாம், தீயாத்தா. கருப்புப் புட்டியில் அம்மாவின் கதை நாலு வரி.

இனி மறைக்க மாட்டேன் என்று புட்டியோடு வீட்டுக்குப் புறப்பட்டாய். துணைக்கு என்னையும் கூட்டிப்போனாய். நீ எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அம்மா புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எழுந்தார்கள்.

"ஒங்கப்பன கொன்னத காச்சி, அதுக்கு ஆத்தா பேரா வச்ச?"

"அம்மா, அது ஒன் கதைம்மா..."

"சோறு இல்லாதப்ப ஒங்களுக்கு ஊட்டுன கதைடி அது. அத போயி சாராயத்துல கரைச்சிட்டியே! இனிமே இந்த வூட்டு வாசப்படி மிதிக்காத."

பஸ்ஸில் நீ அழவில்லை. அரியலூர் வரும்போது மட்டும், "அந்தக் கதைய விட்டா எனக்குன்னு வேற என்னடி இருக்கு?" என்றாய்.

அதற்குப் பிறகு நீ போன் செய்யும்போதெல்லாம் அம்மா அதைத் தம்பியிடம் நீட்டிவிடுவார்கள். நீயும் விடாமல் செய்தாய். "அம்மா பக்கத்துலதான் இருக்காங்க, இருமுறது கேட்டுச்சு" என்று ஒருமுறை எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய்!

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்றாய். ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள் தம்பி போன் செய்தான், நீ போய்விட்டாய் என்று. ஆம்புலன்ஸில்தான் அந்த வாசலுக்குத் திரும்பி வந்தாய். அம்மா கத்தவில்லை. உன் வலது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்கள். மணிக்கட்டுக்கு மேலே பழைய தழும்பு.

"இது எப்ப சுட்டுச்சு?"

"கொப்பர குழாய்ல பட்டுதும்மா. ரெண்டு வருசம் ஆச்சு" என்றேன். அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தார்கள், தூக்கும்வரை.

இப்போது விடுமுறை நாட்களில் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். உன்னைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. போன வாரம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்கள், நிமிராமலே கேட்டார்கள்:

"அவ செஞ்சத நீ குடிச்சிருக்கியா கண்ணு?"

"ஒரு தடவ. கோவால, ஒரு மூடி அளவு குடுத்தா."

"எப்படி இருந்துச்சு?"

"மொதல்ல தொண்ட சுடும்மா. அப்புறம் சோளக்கருது சுட்ட வாசம் லேசா வரும். நல்லா இருந்துச்சு."

அம்மாவின் கை நின்றது. "நல்லா செஞ்சிருக்காளா?" என்றார்கள் மறுபடியும். நான் தலையாட்டினேன். "எதச் செஞ்சாலும் சுத்தமாத்தான் செய்வா" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

உனக்குச் சேர வேண்டிய வார்த்தை அது. நீ இல்லாததால் என் காதில் விழுந்தது. அதை எங்கே கொண்டுபோய் உன்னிடம் கொடுப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.