மீட்டரில் வைத்த பொட்டு

அண்ணா,

அவர் சட்டையை ஊறப் போட எடுத்தேன். ஹைட்ராலிக் எண்ணெய் வாடை. கடையில் பிரஸ்ஸின் ஜாக்கை அழுத்திப் பார்த்தபோது தெறித்தது. குழந்தை தூங்குகிறாள், எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வாடையோடு நீ வந்துவிட்டாய்.

எங்கள் பழைய காரின் சக்கர பேரிங்கைத் தானே மாற்றப் போகிறாராம். பேரிங்கை அழுத்திக் கழற்ற ஒரு பிரஸ் வாங்க ஜே.சி. ரோட்டுக்குப் போனோம். கடைக்காரர் இருப்பதிலேயே சின்னதைக் காட்டினார். அழுத்தம் காட்டும் மீட்டரும் முன்னால் தடுப்பு வலையும் உள்ளது வேண்டும் என்றேன்.

"வீட்டு வேலைக்கு பன்னெண்டு டன்னே ஜாஸ்தி மேடம். மீட்டர், வலையெல்லாம் ஃபேக்டரிக்கு."

"பேரிங்தான மாத்தப் போறோம், ராக்கெட்டா விடப் போறோம்?" என்றார் இவர்.

"உடைஞ்சா துண்டு ராக்கெட் மாதிரிதாங்க பறக்கும்" என்றேன்.

"மேடம் மெக்கானிக்கா?" என்றார் கடைக்காரர்.

"மெக்கானிக்கோட தங்கச்சி."

இவருக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் இடுப்பிலிருந்த குழந்தையை இறக்கவே இல்லை. அப்பா எங்கே உட்கார்ந்தாலும் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு நிற்பவள் அவள். அந்த இரும்புச் சட்டத்தின் முன்னால் அவளைத்தான் நினைத்துப் பார்த்தேன்.

உனக்கு நினைவிருக்கும். பொம்மசந்திரா ஃபேக்டரியில் உனக்கு வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் ஜோகுபாளையம் வீட்டுச் சந்தில் அக்கம்பக்கத்துக் கார்களை ரிப்பேர் பார்ப்பாய். அந்த ஆயுத பூஜைக்கு உன் பிரஸ்ஸைத் துடைத்து, மீட்டர் கண்ணாடி நிறையச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாய். "மிஷினுக்கு மூஞ்சி இதானே? வேற எங்க வெப்பாங்க பொட்டு?"

பூஜை முடிந்து எத்தனையோ ஞாயிறு போயும் அது அப்படியே காய்ந்து கிடந்தது.

"அண்ணா, முள்ளே தெரியல."

"சாமிக்கு வெச்சத யாராவது துடைப்பாங்களாடி? சத்தத்த வெச்சே சொல்லிடுவேன். போய் டீ போடு."

டீயோடு நான் திரும்பி வந்தபோதுதான் வெடித்தது. அழுத்தம் மிஞ்சிப் பேரிங் வளையம் உடைந்து, ஒரு துண்டு என் தோளுக்குப் பக்கத்தில் கார் கதவைக் கிழித்துக்கொண்டு போனது. நீ முதலில் என்னைத் தடவிப் பார்த்தாய். பிறகு லுங்கியின் முனையால் அந்தப் பொட்டைத் துடைத்தாய்.

நீ போனது நெஞ்சுவலியில். பிரஸ்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அந்தச் சத்தம் என் காதைவிட்டுப் போகவில்லை.

கடைசியில் மீட்டர் வைத்த இருபது டன்னைத்தான் வாங்கினோம். முன்பக்கத்துக்கு வலைத் தடுப்பும் தனியாகச் செய்யச் சொல்லி வாங்கியாயிற்று. "உனக்கு எல்லாத்துக்கும் பயம்" என்றார் வழியில். ஆமாம் என்றேன்.

நாளைக்குக் குழந்தையை மேல்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, பக்கவாட்டில் நின்று நான்தான் முள்ளைப் பார்க்கப் போகிறேன். நான் "போதும்" என்றால் நிறுத்த வேண்டும்; அதற்கு ஒப்புக்கொண்ட பிறகுதான் பெட்டியைப் பிரிக்கவிட்டேன். உன்னிடம் அந்தச் சொல்லை ஒருமுறைகூட நான் சொன்னதில்லை. அப்போது எனக்குப் பயம் தெரியாது அண்ணா. நீ இருந்தாய்.