கூப்பிடு தூரம்

பதுளை
6.5.2001

அன்பு மகள் துவாரகாவுக்கு,

நீ ஆராய்ச்சிக்குக் கப்பல் ஏறுமுன் இது ஹாலிபக்ஸ் வந்து சேருமோ தெரியாது. இங்கே மழை விட்டுவிட்டது. என் சுகத்துக்குக் குறைவில்லை.

நீ சொன்னபடி சிவசக்தி ரீச்சரிடம் கேட்டுவிட்டேன். சனிக்கிழமைதோறும் நூலகத்தில் சந்தித்து, பூனாகலைக்குத் திரும்ப அவர் பண்டாரவளை பஸ் ஏறும்வரை தேநீர் குடித்தும், நேரில் கேட்க நா எழவில்லை. ஆகையால் கடிதமாக எழுதினேன். ஆயுள் முழுக்க அரசாங்கக் கந்தோரில் கோப்பு எழுதியவனுக்குக் கை பழகியபடிதான் போனது. ‘விடயம்: எஞ்சிய காலத்தை இணைந்து கழித்தல்’ என்று தலைப்பிட்டேன். அவர் ஏமாறக்கூடாதென்று என் குறைகளை இணைப்பாகச் சேர்த்தேன்: இரத்த அழுத்தம், குறட்டை, இருட்டில் தனியே நடக்கப் பயம். பதிலுக்கு என் விலாசம் எழுதி முத்திரை ஒட்டிய உறையும் வைத்தேன்.

உறை திரும்பவில்லை. நூலகத்துக்கும் அவர் வருவதில்லை. உன் அம்மா போனபின் அசையாமல் இருந்தவன், அப்படியே இருந்திருக்கலாம். கொழும்பில் உன் அத்தை கேள்விப்பட்டால், “தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட ரீச்சரோ? இந்த வயதிலோ?” என்பாள். அது போகட்டும். சனிக்கிழமைத் தேநீரையும் அல்லவா கெடுத்துக்கொண்டேன்.

கனடாக் குளிருக்குக் காதை மூடிக்கொள்.

அன்பு அப்பா,
இரகுநாதன்


ஹாலிபக்ஸ்
8.6.2001

அன்புள்ள அப்பா,

கடலால் திரும்பி வந்து உங்கள் கடிதத்தைப் பார்த்தேன். சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். இணைப்பு வேறா?

எங்களுக்கும் இந்த முறை பதில் வராத கதைதான். நீரோட்டத்தை அளக்கும் கருவியைப் போன வருடம் பாரம் கட்டிக் கடலடியில் இறக்கினோம் அல்லவா? மேலிருந்து ஒலி அனுப்பினால் அது பதிலொலி தந்து, பாரத்தைக் கழற்றிவிட்டு மிதந்து வரவேண்டும். கூப்பிட்டோம். சத்தமே இல்லை. என் ஆராய்ச்சி முழுதும் அதற்குள்தான் இருந்தது. தொலைந்தது என்றே நினைத்தேன்.

கடலின் அடி அசையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அப்படியில்லை அப்பா. மேலே சுற்றும் பெரிய நீர்ச்சுழிகள் சிலவேளை அடிவரை இறங்கிவிடும். மாதக்கணக்கில் சும்மா கிடந்த இடத்தில் திடீரென்று புயல் மாதிரி நீரோட்டம். சேறு கிளம்பி எல்லாம் கலங்கிவிடும். எங்கள் கருவியும் அதில் சாய்ந்து கிடந்தது. தூர நின்று கூப்பிட்டது அதற்குக் கேட்கவில்லை. கப்பலை நேர் மேலே கொண்டுபோய்க் கூப்பிட்டோம். பதில் தந்தது. சேறும் பூசிக்கொண்டு ஏறி வந்தது.

பூனாகலைக்கு இப்போதும் பஸ் ஓடுகிறதுதானே?

அத்தையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் துவாரகா


பதுளை
1.7.2001

அன்பு மகளுக்கு,

போனேன். பண்டாரவளையில் பஸ் மாறும்போது மனமும் மாறி, பதுளைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, சாரதி தேநீர் குடிக்கப் போயிருந்தார். உன் கடிதத்தை இன்னொரு முறை வாசித்துவிட்டு இறங்கினேன்.

ரீச்சர் வாசலில் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். “வாங்க சார். பூனாகலைக்கு இன்னைக்குத்தான் பஸ் விட்டாங்களா?” என்றார்.

கடிதம் கிடைத்ததா என்று கேட்டேன்.

“கிடைச்சுச்சு. மனுவுக்குப் பதில் போட நான் என்ன கந்தோரா? வேணும்னா ஆளே வரட்டும்னுதான் நூலகத்துப் பக்கம் வராம இருந்தேன். குறையை எல்லாம் இணைப்புல வச்சீங்க, நிறை ஒண்ணும் இல்லையா சார்?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சிரித்துவிட்டார்.

வேறு பேச்சு வராததால் உன் கருவியின் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். என் கேள்வியை வாயால் கேட்க மாலையாகிவிட்டது. கேட்டேன். அவர் உள்ளே போய்ச் சால்வையும் டோர்ச்சும் எடுத்து வந்தார்.

“கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு. இருட்டுல தனியா நடக்கப் பயம்னு எழுதியிருந்தீங்கல்ல? அதுக்கு ஒரு ஆள் வேணும்ல. வாங்க, போவோம்.”

அது சம்மதந்தானா என்று பஸ் ஏறும்வரை எனக்கு நிச்சயமில்லை. பஸ் அசையும்போது ஜன்னலில் தட்டி, “ஆவணியில வச்சுக்கலாம் சார்” என்றார்.

அன்பு அப்பா

அன்புள்ள துவாரகா, நூலகத்தில் உங்கள் அப்பாவின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இந்த உறை எனக்காக அவர் முத்திரை ஒட்டி அனுப்பியது. வீணாக்க மனமில்லாமல், அவர் விலாசத்தின்மேல் உங்கள் விலாசத்தை ஒட்டி, குறைந்த முத்திரையையும் சேர்த்திருக்கிறேன். கடிதத்தை இன்னொரு தடவை திருத்தவேண்டும் என்கிறார். பிடுங்கித் தபாலில் போடுகிறேன்.
சிவசக்தி