திரைக்குப் பின்னால் அஞ்சு கேள்வி

1975 ஜூலை 8, செவ்வாய்

விடியுமுன்னே மழை. எஸ்டேட் ஆஸ்பத்திரி ஓடு ஒழுகி பஞ்செல்லாம் நனைஞ்சுட்டு. கொதிக்க வைக்க: கத்திரி, நூல், கையுறை. மண்ணெண்ணெய் தீந்துட்டு.

கோட்டயத்துலருந்து வந்த புது நர்ஸ் லீலாம்மா சிஸ்டர் பச்சைத் துணியத் திரையாக் கட்டுனா. வயித்துப்பிள்ளைக்காரி, பெத்து வருசம் ஆகாதவ, எல்லாரையும் ஒவ்வொருத்தியா உள்ள கூப்பிட்டு அஞ்சு கேள்வி. இருமுனா, தும்முனா ஒண்ணுக்குச் சிந்துதா. அவசரம்னா அடக்க முடியுதா. வெளிக்குப் போறதுல கஷ்டமா. அடியில ஏதாச்சும் இறங்கி நிக்குதா. புருசன்கூட இருக்கையில வலிக்குதா.

எனக்கே மூஞ்சி சுண்டிப்போச்சு. எவ வாயத் திறப்பான்னு நெனச்சேன்.

திறக்காளுக! பதினோரு பேர்ல ஆறு பேர். அத்தனையும் என் கையில பெத்தவளுக.

9, புதன்

தூக்கமில்ல. பதிமூணு வருசம் இந்த லயத்துல, தேயிலைக்காரிக குடியிருக்கிற வரிசை வீடுகள்ல, பிரசவம் பாத்திருக்கேன். பெத்த நாப்பதாம் நாள் பெஞ்சில வரிசையா உக்காரவச்சு "எல்லாம் சரிதானட்டி?"ன்னு கேட்டா, "சரிதான்க்கா"ம்பாளுக. அவ்வளவுதான். நேத்து வந்தவகிட்ட மட்டும் கொட்டுதாளுக.

சிஸ்டர் சிரிச்சுக்கிட்டே, "கேட்டா போதும் சேச்சி, பெண்ணுங்க எல்லாம் சொல்லும்." சேச்சியாம், சேச்சி. அவ சிரிப்பும் அவ வெள்ளச் சேலையும்.

11, வெள்ளி

எஸ்தர் வந்தா. மூணாவது பிள்ளை, நாலு மாசம் முன்ன, நான்தான் பாத்தேன். திரைக்கு இந்தப் பக்கம் பஞ்சு உருட்டிக்கிட்டே எல்லாம் கேட்டேன். அடி தள்ளுதாம். சாயங்காலம் கொழுந்துக்கூடைய இறக்குனா, எலுமிச்சை அளவு வெளிய வந்து நிக்குதாம். கையால உள்ள தள்ளிட்டு லயத்துக்கு நடக்காளாம்.

சிஸ்டர் சோதிச்சுப் பாத்துட்டு சொன்னது: கர்ப்பப்பை இறங்கிட்டு. ஆறு மாசம் பாரம் தூக்கக்கூடாது. தூக்குனா முழுசும் வெளிய வந்துரும், அப்புறம் ஆபரேஷன்தான். ஒண்ணுக்க அடக்குற மாதிரி இறுக்கி விடச் சொல்லிக் குடுத்தா. உக்காந்த வேலைக்குச் சீட்டும் எழுதுனா.

வெளிய வந்தவளப் பிடிச்சேன். "ஏட்டி, எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒங்க வீட்டுக்காரருதானக்கா எங்கள வேலை வாங்குற கங்காணி. ஒங்ககிட்ட சொன்னா ராத்திரி சோத்தோட அவருக்குப் போயிரும். ஏலாதவன்னு வேலைப் பதிவுல பேரை வெட்டிருவாரு."

செவுட்டுல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. ஒரு தடவை ரோசம்மா மாசமா இருக்கத இவருகிட்ட உளறுனேன்தான். மறுவாரம் அவ பேரு இல்ல. இந்த நோட்டுல மட்டும் எழுதுதேன்.

14, திங்கள்

பனி. காலையில ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்துல இவரு சிஸ்டர் சீட்டைப் பாத்துட்டு, "நர்ஸம்மா கொழுந்து எடுக்க வருவாளா?"ன்னு மடிச்சு எஸ்தர் கையிலயே குடுத்துட்டாராம். வந்து சொல்லிச் சிரிச்சாரு.

எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. சிஸ்டர் அழுதாளாம். அழட்டும்னு நெனச்சேன்.

15, செவ்வாய்

ரேஷன் வாங்கப் போறப்ப மேட்டுல எஸ்தர். கூடை முதுகுல. கால அகட்டி அகட்டி நடக்கா. நாலு எட்டு, ஒரு நிப்பு. என்னைப் பாத்ததும் கால ஒட்டவச்சு நடந்தா பாவி. எனக்குத் தெரிஞ்சிரக்கூடாதாம்.

சீ, என் புத்திய என்ன சொல்ல. நேத்து அழட்டும்னு நெனச்சவதான நான்.

இவருகிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு அவள உக்காந்து நாத்துப்பைக்கு மண்ணு நிரப்புற வேலைக்கு மாத்தலன்னா, அவ கூடைய நான் சுமப்பேன், கங்காணி பொண்டாட்டி சுமக்கத லயமே பாக்கட்டும்னு. முறைச்சாரு. "மாத்துதேன். நீ சொல்லி மாத்துனேன்னு எவ காதுலயாவது விழுந்துச்சு, அன்னைக்கே திருப்பிப் போட்டுருவேன்."

17, வியாழன்

மழை விட்டிருக்கு. எஸ்தர் நாத்துக்கொட்டகையில நிழல்ல உக்காந்திருக்கா.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வந்தா, முந்தானையில அவிச்ச கப்பக்கிழங்கு. நேரா சிஸ்டர்கிட்ட. "நீங்க எழுதுன சீட்டுக்குக் கங்காணியே பயந்துட்டாரு சிஸ்டர்." சிஸ்டருக்கு முகமெல்லாம் பல்லு. மத்தவளுகளும் கையத் தட்டுதாளுக. இன்னும் நாலு பேரு திரைக்கு முன்னால வரிசை.

சொல்ல நாக்கு துறுதுறுத்துச்சு. நான்தாம்ட்டி மாத்துனேன்னு. சொன்னா எஸ்தருக்குத் திரும்பக் கூடை. அதோட, கங்காணி வீட்டுக்கு நம்ம பேச்சு போகத்தான செய்யுதுன்னு சொல்லுவாளுக. அந்த வரிசை கலைஞ்சிரும்.

வயிறு பத்தி எரியுது. பஞ்சு உருட்டுனேன்.