மூன்று ஊசியோடு திரும்பி வராதே

மல்லசமுத்திரம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தனப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம், உன் பிள்ளை யுவஸ்ரீயும் சுகம், இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறாள், எப்படி வந்தாள் என்பதைக் கீழே எழுதுகிறேன். சென்னையில் நீயும் உனக்குத் துணையாக இருக்கும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்திவிடுகிறேன், அதனால் எழுதி, நாளை அங்கே வரும் உன் சித்தப்பா மகன் கௌசிக்கிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் உன் மேல் உள்ள கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை நீ, “போதுமுங்கப்பா, மூணு ஊசியோட ஊட்டுக்கு வந்தர்றேன், என்னால உங்களுக்குத்தான் தலகுனிவு, மன்னிச்சிருங்க” என்றாயே, உன்னை யார் சாமி மன்னிப்புக் கேட்கச் சொன்னது? மார்பில் கட்டி வந்தது நீ செய்த தப்பா? ஆறு ஊசியும் போட்டு ஆபரேஷனும் செய்தால் குணமாகிற கட்டத்தில்தான் இருக்கிறது என்று டாக்டர் என் எதிரில்தானே சொன்னார், பாதியில் எழுந்து வருகிறேன் என்றால் என்ன அர்த்தம்? உன் மொட்டைத் தலையைப் பார்த்துப் பிள்ளை பயந்து அழுகிறாள் என்று, நீ வீடியோ காலில் பேசும்போதே உன் மாமியார் போனைப் பிடுங்கியதும், அதன் பிறகு ஒரு வாரமாகப் பிள்ளையைக் காட்டாததும் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் ஏன் மறைத்தாய்? அதற்கும் கோபம்தான்.

மறுநாள் காலையிலேயே வெண்ணந்தூருக்கு வண்டியை எடுத்தேன். உன் மாமியார் காபி கொண்டுவந்து வைத்தார், நான் தொடவில்லை. “ஏனுங்க சம்பந்தி, அந்தச் சீக்கு புள்ளைக்கு ஒட்டிக்கும்னு நாலு பேரு சொல்றாங்க, அவ வந்தாலும் கொஞ்ச நாளைக்குத் தனியாத்தான் இருக்கோணும்” என்றார். அது ஒட்டுவாரொட்டி இல்லை, பிள்ளைக்குச் சளி இருந்தால் தாய்க்குத்தான் ஒட்டும், அதற்குத்தான் டாக்டர் பயப்படுகிறார் என்று சொன்னேன். உன் புருஷன் ஜெகதீஸ்வரன் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் என்று எழுதக் கை வரவில்லை, உனக்காக எழுதுகிறேன். “ஏனுங் மாப்ள, கட்டுனவளுக்காக உங்க வாயில ஒரு வார்த்த வராதுங்களா?” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவள் குணமாகி வரும்வரை பிள்ளை என்னிடம் இருப்பாள் என்றேன். உன் மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் மாப்பிள்ளை எழுந்து உள்ளே போய்ப் பிள்ளையின் புத்தகப் பையையும் யூனிபார்மையும் கொண்டுவந்து வண்டியில் மாட்டினார்.

வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்து, அம்மாவைப் பார்த்துப் பயந்தாயா சாமி என்று கேட்டேன். “பயமெல்லாம் இல்ல அப்புச்சி, அம்மா அழுதுச்சு, அதான் நானும் அழுதேன்” என்றாள். இதை இரண்டு தடவை படி. உன் தலை அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. நேற்று மாப்பிள்ளை தனியாக வந்து தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று, உன்னைப் பார்க்கச் சென்னைக்குப் போகட்டுமா என்று என்னைக் கேட்டார், கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். “எங்கிட்டக் கேக்காதீங்க, அவகிட்டக் கேளுங்க” என்று அனுப்பிவிட்டேன். வரச் சொல்வதும் வேண்டாம் என்பதும் உன் இஷ்டம், அதில் நான் தலையிட மாட்டேன்.

எல்லோரையும் விட எனக்கு என் மேல்தான் கோபம். கல்யாணம் முடிந்து உன்னைக் காரில் ஏற்றும்போது, எதுவானாலும் பொறுத்துப் போ சாமி என்று சொல்லி அனுப்பியவன் நான்தான். நீயும் அதையே பிடித்துக்கொண்டு இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாய். அந்தப் பேச்சை இன்றைக்குத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஊசி வலியை மட்டும் பொறுத்துக்கொள், வேறு யாரையும் பொறுக்க வேண்டாம்.

வரும் வியாழன் நான்காவது ஊசி, மறக்காமல் காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போ. பிள்ளையை எப்போது கூட்டி வரலாம் என்று டாக்டரிடம் கேட்டுச் சொல், அன்றைக்கே கிளம்பி வருகிறோம். திருச்செங்கோட்டு மலையான் உன்னை நூறு வயது வாழ வைக்கட்டும்.

கோபம் இன்னும் ஆறாத உன் அப்பா,
காளியப்பன்